குளோரின் 3 காட்டுகிறது, சுவரெல்லாம் பாசி: ஸ்டெபிலைசரை எப்படி இறக்குவது?

#1 ஓஎம்ஆர் குடியிருப்பு

வணக்கம். சென்னை ஓஎம்ஆரில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் நீச்சல்குளப் பொறுப்பு இந்த வருடம் என் தலையில் விழுந்திருக்கிறது. திறந்தவெளிக் குளம். 12 மீட்டருக்கு 5 மீட்டர், சராசரி ஆழம் 1.4 மீட்டர், ஆக 84,000 லிட்டர். தரையில் தோண்டியது இல்லை, போடியம் மேல் கட்டியது, கீழே கார் பார்க்கிங்.

ஜனவரி கடைசியில் முழுக்கக் காலி செய்து, கழுவி, புதுத் தண்ணீர் நிரப்பினோம். மார்ச் வரை அடித்தளத்து டைல் கோடுகள் பளிச்சென்று தெரிந்தன. ஏப்ரலில் ஓரங்களில் வழுவழுப்பு வந்தது. இப்போது மே கடைசி, மூலைகளில் பச்சை. பராமரிப்பு ஒப்பந்தக்காரர் தினமும் சோதனை ஸ்ட்ரிப்பை நனைத்துக் காட்டுகிறார்: குளோரின் 3, பிஎச் 7.4. "எல்லாம் சரியாத்தானே இருக்கு சார், வெயில் அதிகம், அதான்" என்று சொல்லி ஆல்ஜிசைடு (பாசிக்கொல்லி) கேன் ஒன்றைக் கூடுதலாக பில்லில் ஏற்றுகிறார். இரண்டு நாள் அடங்குகிறது, மறுபடி வருகிறது.

மிதவையில் தினம் ஒரு 200 கிராம் டிசிசிஏ 90 டேப்லெட். சனி, ஞாயிறு இரண்டிரண்டு. வேறு குளோரின் எதுவும் போடுவதில்லை. குளோரின் இருக்கும்போதே பாசி எப்படி வரும்?

#2 கோவை பூல் மெக்கானிக்

சார், ஸ்டெபிலைசர் எவ்வளவு? நீங்கள் எழுதியதில் அந்த ஓர் எண்தான் இல்லை. பெரும்பாலும் கோளாறு அங்கேதான் இருக்கும்.

டிசிசிஏ டேப்லெட்டில் குளோரினும் சயனூரிக் அமிலமும் சேர்ந்தே இருக்கின்றன. அந்த சயனூரிக் அமிலத்தைத்தான் நாங்கள் ஸ்டெபிலைசர் என்கிறோம். குளோரின் வெயிலிலும் வியர்வையிலும் அழுக்கிலும் செலவாகிவிடும். அமிலம் செலவாகாது. ஆவியாகாது, வெயிலில் சிதையாது, மணல் ஃபில்டரில் சிக்காது. தண்ணீர் வெளியே போனால் கூடப் போகும், அவ்வளவுதான்.

200 கிராம் டேப்லெட் ஒன்றில் சுமார் 110 கிராம் சயனூரிக் அமிலம் இருக்கிறது. உங்கள் குளத்துக்கு அது 1.3 பிபிஎம், அதாவது லிட்டருக்கு 1.3 மில்லிகிராம். கேட்க ஒன்றுமில்லாத மாதிரி இருக்கும். வாரத்துக்கு ஒன்பது டேப்லெட் என்றால் மாதத்துக்கு 50 பிபிஎம் ஏறுகிறது. பிப்ரவரி முதல் நான்கு மாதம். பேக்வாஷில் (ஃபில்டரைக் கழுவும்போது) போனது, பிள்ளைகள் குதித்துத் தெறித்தது எல்லாம் கழித்தாலும் 150க்குக் குறையாது என்பது என் கணிப்பு.

ஸ்ட்ரிப்பின் கடைசிக் கட்டத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள், அந்த ஒரு விஷயத்தில் ஸ்ட்ரிப் நம்பிக்கைக்கு உரியது அல்ல. குழாயின் அடியில் கறுப்புப் புள்ளி இருக்கிற கிட் கிடைக்கும், அதை வாங்குங்கள். கலங்கிய மாதிரியை ஊற்ற ஊற்றப் புள்ளி எவ்வளவு சீக்கிரம் மறைகிறதோ அவ்வளவு அதிகம் ஸ்டெபிலைசர்.

#3 சந்தேகப் பிராணி

ஸ்டெபிலைசர் இருப்பதே குளோரினைக் காப்பாற்றத்தானே? அதிகமானால் இன்னும் நன்றாகக் காப்பாற்றட்டுமே. உலக சுகாதார நிறுவனமே 100 வரை விடுகிறது. எங்கள் கிளப் குளத்தில் இந்தச் சோதனையே கிடையாது, வருடக்கணக்காக டேப்லெட்தான். ஒரு கெமிக்கலை விற்க இன்னொரு கெமிக்கலைப் பழி சொல்வது இந்தத் தொழிலில் வழக்கம்.

#4 வேதியியல் வாத்தியார்

அதிகமாகக் காப்பாற்றுவதுதான் இங்கே சிக்கலே.

குளோரின் தண்ணீரில் இரண்டு வடிவில் இருக்கும்: ஹைப்போகுளோரஸ் அமிலம், ஹைப்போகுளோரைட் அயனி. கிருமியையும் பாசியையும் கொல்வது பெரும்பாலும் முன்னது. பின்னதை 290 நானோமீட்டர் பக்கத்தில் உள்ள புற ஊதாக் கதிர் உடைத்துவிடுகிறது. அதனால்தான் ஸ்டெபிலைசரே இல்லாத திறந்தவெளிக் குளத்தில் உச்சி வெயில் ஒரு மணி நேரம் அடித்தாலே பாதிக்கு மேல் குளோரின் காணாமல் போகும். சயனூரிக் அமிலம் குளோரினைத் தன்னோடு பிணைத்துக்கொள்கிறது. பிணைந்த குளோரினை வெயில் அவ்வளவாகத் தொடாது. பிணைந்த குளோரினும் பாசியை அவ்வளவாகத் தொடாது. இரண்டும் ஒரே குணத்தின் இரு பக்கம். ஒன்றை மட்டும் வாங்கிக்கொண்டு வர முடியாது.

இந்தப் பிணைப்பின் சமநிலை மாறிலிகளை ஓ'பிரையன், மாரிஸ், பட்லர் என்ற மூவர் அளந்து 1974-ல் வெளியிட்டார்கள். இன்றைக்கும் கணக்கு அதை வைத்துத்தான். அதன்படி குளோரின் 3, ஸ்டெபிலைசர் 150 என்று இருக்கும் தண்ணீரில் உண்மையில் வேலையில் இருக்கும் ஹைப்போகுளோரஸ் அமிலம் அந்த மூன்றில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. மீதி கையிருப்பு. செலவாகச் செலவாக அவிழ்ந்து வரும், ஆனால் எந்த நொடியில் பார்த்தாலும் களத்தில் நிற்பது கொஞ்சம்தான். பாசி வளரும் வேகத்துக்கு அது ஈடு கொடுக்காது.

ஸ்ட்ரிப் ஏன் 3 காட்டுகிறது என்று கேட்பீர்கள். சோதனை வினைபொருள் கட்டற்ற குளோரினை எடுத்துக்கொண்டதுமே, சமநிலையைச் சரிக்கட்டப் பிணைந்திருந்தது அவிழ்ந்து வருகிறது. அதையும் வினைபொருள் எடுத்துக்கொள்கிறது. கடைசியில் மொத்தக் கையிருப்பையும் எண்ணி 3 என்கிறது. ஒப்பந்தக்காரர் பொய் சொல்லவில்லை. பாதிக் கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கிறார்.

உலக சுகாதார நிறுவனத்தின் 2006 வழிகாட்டியில் உள்ள 100 என்பது தாண்டக் கூடாத எல்லை. வைத்துக்கொள்ளச் சொன்ன அளவு அல்ல.

#5 பீனிக்ஸ் தமிழன்

ஐயா சொன்னதைச் சமையல் கணக்காக மாற்றினால்: ஸ்டெபிலைசர் எண்ணில் 7.5 சதவீதம் குளோரின் இருக்க வேண்டும். ஸ்டெபிலைசர் 40 என்றால் குளோரின் 3. 60 என்றால் 4.5. 160 என்றால் 12. ஏற்கெனவே பாசி பிடித்த குளத்தைச் சுத்தம் செய்ய ஸ்டெபிலைசரில் 40 சதவீதம் வரை ஏற்ற வேண்டும், அதாவது 40க்கு 16, 160க்கு 64. அந்தக் கடைசி எண்ணைப் பார்த்தாலே புரியும், அந்தத் தண்ணீரை வைத்துக்கொண்டு போராடுவதில் பொருளில்லை.

அரிசோனாவில் என் வீட்டுக் குளம் நாள் முழுக்க வெயிலில் காய்கிறது. ஸ்டெபிலைசர் 50, குளோரின் 4 முதல் 6 வரை வைத்திருக்கிறேன். உப்பிலிருந்து குளோரின் தயாரிக்கும் கருவி வைத்தவர்கள் 70, 80 வரை போவார்கள், அது நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகத் தயாரிப்பதால் வெயிலிடமிருந்து கூடுதல் பாதுகாப்பு தேவைப்படுகிறது. இங்கே ஸ்டெபிலைசர் ஏறிப்போன குளங்களுக்கு ஆர்ஓ இயந்திரம் ஏற்றிய வண்டியே வீட்டுக்கு வரும். தண்ணீரைக் காலி செய்யாமல் சுற்றவிட்டு வடிகட்டிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். விலை உறைக்கும்.

#6 ஓஎம்ஆர் குடியிருப்பு

கிட் வந்துவிட்டது. வினைபொருளைக் கலந்ததும் தண்ணீர் பால் மாதிரி ஆகிவிட்டது. குழாயில் ஊற்ற ஆரம்பித்த உடனேயே புள்ளி மறைந்துவிட்டது. குழாயில் உள்ள அதிகபட்ச எண் 100, அதையும் தாண்டிய ஏதோ ஒன்று. இதற்கு மேல் எப்படி அளப்பது?

#7 கோவை பூல் மெக்கானிக்

குளத்துத் தண்ணீர் ஒரு பங்கு, குடிநீர் கேன் தண்ணீர் ஒரு பங்கு கலந்து, அந்தக் கலவையைச் சோதித்து, வரும் எண்ணை இரண்டால் பெருக்குங்கள்.

வெளியே வெளிச்சத்தில் செய்யுங்கள், ஆனால் சூரியனுக்கு முதுகு காட்டி நில்லுங்கள், குழாய் உங்கள் நிழலில் இருக்கட்டும். இடுப்பு உயரத்தில் பிடித்து மேலிருந்து பாருங்கள். வினைபொருள் கலந்தபின் கிட் சொல்கிற நேரம் காத்திருக்க வேண்டும். புள்ளியை முறைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தால் இல்லாத புள்ளியும் இருப்பதாகத் தோன்றும். ஊற்று, ஒரு பார்வை, மறுபடி ஊற்று, ஒரு பார்வை. மே மாதக் குளத்துத் தண்ணீர் சூடாக இருக்கும், சூடான மாதிரி தப்பான எண் கொடுக்கும். மாதிரியை அறைக்குள் சற்று ஆறவைத்துவிட்டுச் செய்யுங்கள். இவ்வளவு பார்த்தும் பத்து, பதினைந்து முன்னே பின்னே இருக்கத்தான் செய்யும். அதனால் ஒன்றும் கெட்டுவிடாது.

#8 வேதியியல் வாத்தியார்

அந்தப் பால் நிறத்துக்குக் காரணம் மெலமைன். கிட்டில் உள்ள வினைபொருள் அதுதான். மெலமைனும் சயனூரிக் அமிலமும் சேர்ந்தால் கரையாத வீழ்படிவு வரும். 2007-ல் அமெரிக்காவில் செல்லப் பிராணிகளின் உணவில் இந்த இரண்டும் கலந்திருந்து, நாய் பூனைகளின் சிறுநீரகத்தில் படிகம் கட்டி நிறைய உயிர்கள் போயின. அதே வினைதான் உங்கள் குழாயிலும் நடக்கிறது. பயப்பட வேண்டாம், சயனூரிக் அமிலம் தனியாக நச்சுத்தன்மை மிகக் குறைந்த பொருள். ஆனால் சோதித்த தண்ணீரைக் குளத்தில் திரும்ப ஊற்றாமல் சாக்கடையில் கொட்டுங்கள்.

#9 ஓஎம்ஆர் குடியிருப்பு

கலந்து பார்த்தேன். 80. இரண்டால் பெருக்கினால் 160.

#10 கோவை பூல் மெக்கானிக்

வாங்க. இப்போது நோய் என்னவென்று தெரிந்துவிட்டது.

160-லிருந்து 40க்கு வர முக்கால் குளத்தை மாற்ற வேண்டும். 63,000 லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் ஐந்தும் கொஞ்சமும்.

ஒரு விஷயம் கவனியுங்கள். முதலில் பம்ப் வைத்து வெளியேற்றுங்கள், அப்புறம் நிரப்புங்கள். ஒரு பக்கம் குழாயில் விட்டுக்கொண்டே மறுபக்கம் வெளியேற்றினால் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய புதுத் தண்ணீரும் சேர்ந்து வெளியே போகும். பாதிப் பாதியாக இரண்டு முறை செய்தாலும் 160, 80, 40 என்று இறங்கும், ஆனால் மொத்தம் ஒரு முழுக் குளத் தண்ணீர் செலவாகும். ஒரே மூச்சில் முக்கால் மாற்றுவதுதான் சிக்கனம்.

#11 ஓஎம்ஆர் குடியிருப்பு

இங்கேதான் இடிக்கிறது. சங்கக் கூட்டத்தில் சொன்னேன், கொந்தளித்துவிட்டார்கள். வீட்டுக் குழாய்க்கே டேங்கர் வாங்குகிற மாதத்தில் குளத்துக்கு ஐந்து வண்டியா என்று கேட்கிறார்கள். 2019 கோடையில் இந்த ஏரியாவில் தண்ணீருக்கு நாங்கள் பட்ட பாடு யாருக்கும் மறக்கவில்லை. கேட்பதில் நியாயமும் இருக்கிறது. நான்கு வண்டிக்கு மேல் தரமாட்டார்கள் போலிருக்கிறது. அதுவும் கெஞ்சி.

குளத்தை மழைக்காலம் வரை மூடிவிடலாம் என்றும் ஒரு கட்சி இருக்கிறது.

#12 சந்தேகப் பிராணி

சரி, கணக்குப் புரிந்தது. அப்படியென்றால் தண்ணீரை மாற்றாமல் குளோரினை 12-ல் வைத்தால் என்ன? விகிதம்தானே முக்கியம்?

#13 பீனிக்ஸ் தமிழன்

விகிதப்படி சரி. அதைச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் 12-ஐ டேப்லெட்டால் எட்டினால் ஸ்டெபிலைசர் இன்னும் ஏறும், இலக்கு 13, 14 என்று ஓடிக்கொண்டே இருக்கும். ஸ்டெபிலைசர் இல்லாத லிக்விட் குளோரினில்தான் செய்ய வேண்டும். இன்னொன்று, சாதாரணக் கலர் கிட்டுகள் 5, 10-க்கு மேல் படிக்காது. குளோரின் மிக அதிகமானால் சிவப்பு நிறமே வெளுத்துப்போய்ப் பூஜ்யம் போலக் காட்டும். அதைப் பார்த்து இன்னும் ஊற்றினவர்களை நான் அறிவேன். பொதுக் குளத்தில் அப்படி விளையாட நான் சொல்லமாட்டேன். அதோடு, இருக்கிற பாசியை ஒழிக்க 64 தேவை என்று மேலே சொன்னேனே, அது அப்படியே நிற்கிறது.

#14 கோவை பூல் மெக்கானிக்

நான்கு வண்டி போதும் சார்.

48,000 லிட்டரை வெளியேற்றி நிரப்பினால் பழைய தண்ணீர் 36,000 மிஞ்சும். 160 என்பது 69 ஆகும். (இதையே விட்டுக்கொண்டே வெளியேற்றும் முறையில் செய்தால் 90-ல் நிற்கும். முன்பே சொன்னேன், இப்போது வித்தியாசம் கண்ணுக்குத் தெரிகிறதா?) 69 என்பது என் விருப்ப எண் இல்லை. ஆனால் குளோரின் 5 வைத்தால் ஓடிவிடும். மீதியை வடகிழக்குப் பருவமழை பார்த்துக்கொள்ளும், அதை அப்புறம் சொல்கிறேன்.

மழைக்காலம் வரை மூடிவிடலாம் என்பவர்களிடம் சொல்லுங்கள்: ஓடாத குளம் ஒரு மாதத்தில் கொசுப் பண்ணை. மாநகராட்சி ஆள் வந்து நோட்டீஸ் ஒட்டினால் அந்தக் கட்சியே முதலில் ஓடும்.

#15 ஈசிஆர் பண்ணைவீடு

மூடி வைத்த குளம் பற்றிப் பேச்சு வந்ததால் நுழைகிறேன். கடற்கரைக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஒரு பண்ணைவீடு. சீசன் முடிந்து சில மாதம் ஆள் இல்லை, குளம் பச்சைப் பசேலென்று ஆகிவிட்டது. மூடும்போது ஸ்டெபிலைசர் 50 இருந்தது. திறந்தபோது சோதித்தால் பூஜ்யம். இறங்கவே இறங்காது என்று எல்லோரும் சொல்கிறீர்களே? இதைவிட வினோதம், லிக்விட் குளோரின் எவ்வளவு ஊற்றினாலும் அரை மணியில் காணாமல் போகிறது. வெயில் இல்லாத ராத்திரியிலும் அப்படித்தான்.

#16 வேதியியல் வாத்தியார்

உங்கள் குளத்தில் பாக்டீரியா அதைத் தின்றுவிட்டது. குளோரின் முழுக்க அற்றுப்போய், அடியில் ஆக்சிஜன் குறைந்து கிடக்கும் தண்ணீரில் சில வகை பாக்டீரியாக்கள் சயனூரிக் அமிலத்தை உடைக்கும். முடிவில் வருவது அமோனியா. சயனூரிக் அமிலத்தின் ஒரு மூலக்கூறில் மூன்று நைட்ரஜன் இருக்கிறது. 50 பிபிஎம் முழுவதும் அமோனியாவானால் சுமார் 16 பிபிஎம் நைட்ரஜன். ஒரு பங்கு நைட்ரஜனை எரித்து முடிக்க நடைமுறையில் பத்துப் பங்கு குளோரின் வேண்டும். ஆக 160 பிபிஎம் குளோரின். உங்களுடையது முழுவதும் அமோனியாவாகி இருக்காது, கொஞ்சம் காற்றில் போயிருக்கும், கொஞ்சம் பாசி எடுத்திருக்கும். இருந்தாலும் நீங்கள் ஊற்றியது எங்கே போகிறது என்பதற்கு விடை இதுதான்.

மீன்தொட்டிக் கடையில் அமோனியா சோதனைச் சொட்டு கிடைக்கும். பார்த்துவிட்டு முடிவெடுங்கள். அதிகமாக இருந்தால் தண்ணீரை மாற்றுவதே மலிவு.

#17 ஈசிஆர் பண்ணைவீடு

சொட்டு போட்டேன். பச்சை அடர்த்தியாக, கலர் அட்டையின் கடைசிக் கட்டத்துக்கும் அந்தப் பக்கம். சரி, காலி செய்துவிட வேண்டியதுதான்.

#18 கோவை பூல் மெக்கானிக்

பண்ணைவீட்டு அண்ணே, ஒரு நிமிடம்! கடலோரம், தரைக்குள் தோண்டிய குளம் என்றால் முழுக்கக் காலி செய்யாதீர்கள். வெளியே நிலத்தடி நீர் உயரத்தில் இருந்து, உள்ளே எடை இல்லாமல் போனால் குளமே மேலே கிளம்பும். ஃபைபர் குளம் என்றால் கப்பல் மாதிரி மிதந்துவிடும், கான்கிரீட் என்றால் விரிசல் விடும். பக்கத்துக் கிணற்றில் தண்ணீர் எவ்வளவு கீழே நிற்கிறது என்று முதலில் பாருங்கள். குளத்து அடித்தளத்தைவிட நன்றாகக் கீழே இருந்தால் தைரியமாகச் செய்யலாம். இல்லையென்றால் ஒரு தடவைக்கு ஓர் அடி இறக்கி, நிரப்பி, அடுத்த நாள் மறுபடி. தண்ணீர் கூடுதலாகச் செலவாகும், வேறு வழியில்லை. ஓஎம்ஆர் சாருக்கு இந்தக் கவலை கிடையாது, அவர் குளத்துக்கு அடியில் கார்தான் நிற்கிறது.

#19 இரண்டு பிள்ளைகளின் அம்மா

இழை முழுக்கப் பாசி பற்றியே பேசுகிறீர்கள். எனக்குப் பாசியைவிட வயிற்றுப்போக்குதான் பயம். போன மாதம் எங்கள் குடியிருப்புக் குளத்தில் ஒரு குழந்தைக்கு அப்படி ஆகிவிட்டது. அன்றைக்கே "குளோரின் போட்டாச்சு" என்று திறந்துவிட்டார்கள். அது போதுமா?

#20 பீனிக்ஸ் தமிழன்

போதாது சகோதரி. கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி, குளோரினுக்கு மிகவும் தாக்குப்பிடிக்கும். அமெரிக்க நோய்த்தடுப்பு மையமான சிடிசியின் பரிந்துரைப்படி, ஸ்டெபிலைசர் இல்லாத தண்ணீரில் குளோரின் 20 பிபிஎம் வைத்து 12.75 மணி நேரம் விட வேண்டும். ஸ்டெபிலைசர் 15 வரை இருந்தால் அதே 20-ல் 28 மணி நேரம். 15-க்கு மேல் இருந்தால் முதலில் தண்ணீரை மாற்றி 15-க்குள் கொண்டுவந்துவிட்டுத்தான் அந்தக் கணக்கே ஆரம்பம். வெறும் 15 பிபிஎம் சேர்ந்ததற்கே நேரம் இரட்டிப்புக்கு மேல் போகிறது, பாருங்கள். சந்தேகப் பிராணி அண்ணன் கேட்ட கேள்விக்கு இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை.

கெட்டியாகப் போயிருந்தால் இவ்வளவு தேவையில்லை, அது வேறு கணக்கு. ஆனால் வயிற்றுப்போக்கு என்றால் அன்றைக்கே திறப்பது தப்பு.

#21 இரண்டு பிள்ளைகளின் அம்மா

நன்றி. எங்கள் குளத்திலும் டேப்லெட்தான். நாளைக்கு அந்தக் கிட் வாங்கச் சொல்கிறேன்.

#22 ஓஎம்ஆர் குடியிருப்பு

நான்கு வண்டிக்கு அனுமதி கிடைத்தது. வெளியேற்றிய தண்ணீரைத் தோட்டத்துக்கு விடலாமா என்று ஒரு மாமி கேட்டார். மிதவையை எடுத்துவிட்டுச் சில நாள் வெயிலில் காயவிட்டு, குளோரின் பூஜ்யம் ஆனபின் கார் பார்க்கிங் கழுவவும், மிச்சத்தைச் சாலையோர மரங்களுக்கும் விட்டோம். தொட்டிச் செடிகளுக்கு விடவில்லை, குளத்துத் தண்ணீரில் உப்பு ஏறியிருக்கும் என்று தோட்டக்காரர் தடுத்துவிட்டார்.

நிரப்பி, ஒரு நாள் பம்ப் ஓடவிட்டுச் சோதித்தேன். 70.

இனி டேப்லெட் வேண்டாம் என்று முடிவு. அடுத்து என்ன?

#23 கோவை பூல் மெக்கானிக்

கணக்குக்குப் பக்கத்தில் வந்துவிட்டது, நல்லது. இனி லிக்விட் குளோரின், அதாவது சோடியம் ஹைப்போ. 10 சதவீதச் சரக்கு என்றால் உங்கள் குளத்தில் 1 பிபிஎம் ஏற்ற 840 மில்லி வேண்டும்.

முதலில் பாசி வைத்தியம். பிஎச்-ஐ 7.2-க்குக் கொண்டுவாருங்கள், ஏனென்றால் குளோரின் ஏறியபின் பிஎச் சோதனை தப்பாகக் காட்டும். பிறகு குளத்தை மூடிவிட்டுக் குளோரினை 28-க்கு (70-ல் 40 சதவீதம்) ஏற்றுங்கள், சுமார் 24 லிட்டர் ஹைப்போ. சுவர், மூலை, ஏணிக்குப் பின்னால், லைட் வளையத்துக்குள் எல்லாம் பிரஷ் போட வேண்டும். ஃபில்டர் ராத்திரி பகலாக ஓடட்டும். அளக்க, மாதிரி ஒரு பங்குக்கு நான்கு பங்கு கேன் தண்ணீர் கலந்து, வருவதை ஐந்தால் பெருக்குங்கள். குறையக் குறைய மறுபடி 28-க்கு ஏற்றுங்கள். ஒரு தடவை ஊற்றிவிட்டு "ஷாக் பண்ணியாச்சு" என்று கைகழுவுவதுதான் எல்லோரும் செய்வது, பாசி அதற்குள் மூச்சு விட்டுக்கொள்ளும்.

எப்போது நிறுத்துவது? தண்ணீர் தெளிய வேண்டும். கூடவே, சூரியன் மறைந்தபின் ஓர் அளவு, விடியுமுன் ஓர் அளவு எடுங்கள். ராத்திரியில் 1 பிபிஎம்முக்கு மேல் குறையவில்லை என்றால் தின்கிறதற்கு உள்ளே எதுவும் மிச்சமில்லை. அதன்பின் தானாக இறங்கட்டும், 5 வாக்கில் வந்ததும் திறக்கலாம்.

அப்புறம் தினசரி. நீங்கள் போட்டுக்கொண்டிருந்த டேப்லெட் கணக்கைப் பார்த்தால் குளம் நாளுக்கு 2.7 பிபிஎம் வாக்கில் தின்கிறது. இரண்டே கால், இரண்டரை லிட்டர் ஹைப்போ. சாயங்காலம் வெயில் தாழ்ந்து, ஆள் எல்லோரும் ஏறியபின், பம்ப் ஓடும்போது ரிட்டர்ன் வாய்க்கு (தண்ணீர் குளத்துக்குத் திரும்பி வரும் துளை) எதிரே மெதுவாக ஊற்ற வேண்டும்.

கேன்களை மொத்தமாக வாங்கி அடுக்காதீர்கள். வெயிலில் இருக்கும் ஹைப்போ வீரியம் இழந்துகொண்டே போகும். நிழலில், இரண்டு வாரத்துக்கு மேல் போகாத அளவு மட்டும்.

#24 சந்தேகப் பிராணி

ஹைப்போவுக்குப் பதில் கால்சியம் ஹைப்போகுளோரைட் பவுடர் போட்டால்? அதிலும் ஸ்டெபிலைசர் இல்லை, சேமிக்கவும் எளிது. மிச்சமிருக்கும் மிதவையிலேயே போட்டுவிடலாம்.

#25 கோவை பூல் மெக்கானிக்

பவுடர் போடலாம். மிதவையில் போடக் கூடாது. டிசிசிஏ தூள் கொஞ்சம் ஒட்டியிருக்கும் மிதவையிலோ டோசரிலோ கால்சியம் ஹைப்போ பட்டு ஈரம் சேர்ந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கும். இரண்டையும் ஒரே அலமாரியில் வைப்பதுகூடத் தப்பு. ஒரே கரண்டியில் எடுப்பதும் தப்பு. அதே மாதிரி ஹைப்போவும் பிஎச் குறைக்கும் ஆசிட்டும் ஒரே வாளியில் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். புதுப் பையன்களுக்கு மற்றதெல்லாம் சொல்லிக்கொடுக்கும் முன் இதைச் சொல்லுங்கள்.

இன்னொன்று, உங்கள் ஊர் போர் தண்ணீர் ஏற்கெனவே கடினம். பவுடரில் 10 பிபிஎம் குளோரின் ஏற்றினால் 7 பிபிஎம் கடினத்தன்மை கூடவே ஏறும். டைல் ஓரத்தில் வெள்ளைப் படிவு பிடிக்கும். சென்னைக்கு நான் திரவத்தையே சொல்வேன்.

#26 உள்ளரங்கக் குளம்

எங்கள் ஜிம் குளத்துக்குக் கூரை இருக்கிறது, வெயில் படவே படாது. ஸ்டெபிலைசர் எவ்வளவு வைக்கலாம்?

#27 வேதியியல் வாத்தியார்

வெயில் இல்லாத இடத்தில் அதற்கு வேலை இல்லை. பூஜ்யம். டேப்லெட் போட்டுக்கொண்டிருந்தால் நிறுத்திவிடுங்கள்.

#28 ஓஎம்ஆர் குடியிருப்பு

தண்ணீர் தெளிந்துவிட்டது. ராத்திரி இழப்பு 1-க்குள் வந்ததும் திறந்தோம். ஆல்ஜிசைடு கேன் பில்லில் இருந்து போய்விட்டது. ஒப்பந்தக்காரர் முகம்தான் சரியில்லை. "டேப்லெட்ன்னா போட்டுட்டுப் போயிடலாம் சார், இது தினம் ஆள் வரணும்" என்கிறார். அதுவும் உண்மைதான். டேப்லெட்டின் வசதியே அதுதானே. பேசி, செக்யூரிட்டி ஒருவருக்குக் கையுறையும் கண்ணாடியும் வாங்கிக் கொடுத்து சாயங்கால வேலையை அவருக்கு மாற்றியிருக்கிறோம், அதற்குத் தனிச் சம்பளம்.

ஆளே இல்லாத நாட்களுக்கு, தீபாவளி விடுமுறை மாதிரி, டேப்லெட் போடலாமா?

#29 பீனிக்ஸ் தமிழன்

தாராளமாக. நானும் ஊருக்குப் போகும்போது மிதவையில் போட்டுவிட்டுத்தான் போகிறேன். ஒரு வாரம் போட்டால் எத்தனை பிபிஎம் ஏறும் என்று தெரிந்து, குறித்துவைத்துப் போடுவது வேறு. எண்ணே தெரியாமல் வருடம் முழுக்கப் போடுவது வேறு. மாதம் ஒருமுறை புள்ளிக் குழாயை எடுங்கள், அது போதும்.

#30 ஓஎம்ஆர் குடியிருப்பு

மெக்கானிக் சார், மழைக் கணக்கு பாக்கி இருக்கிறது.

#31 கோவை பூல் மெக்கானிக்

மறக்கவில்லை. அக்டோபரில் மழை பிடிக்கும் முன் குளத்தை ஓர் அடி, அதாவது 30 சென்டிமீட்டர் இறக்கி வையுங்கள். மேல்மட்டத் தண்ணீரை இழுக்கும் ஸ்கிம்மர் வாய்க்குக் கீழே போய்விடும், அதனால் ஸ்கிம்மர் வால்வை மூடி, அடியில் உள்ள மெயின் டிரெய்னில் மட்டும் ஓட்டுங்கள், இல்லையென்றால் பம்ப் காற்றை இழுக்கும். நவம்பர் மழை அந்த 30 சென்டிமீட்டரைச் சும்மா நிரப்பிக் கொடுக்கும். 140-ல் 30 போனால் ஸ்டெபிலைசர் 70-லிருந்து 55. டேங்கர் செலவு இல்லை. நிரம்பியபின் பெய்யும் மழை வழிந்தோடும்போது கொஞ்சம் பழைய தண்ணீரையும் கூட்டிக்கொண்டு போகும், அது மேல்வரவு.

மாடியிலிருந்தும் தளத்திலிருந்தும் ஓடிவரும் தண்ணீர் உள்ளே விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வானத்திலிருந்து நேராக விழுவது மட்டும் போதும். மழைத் தண்ணீரில் காரத்தன்மை (பிஎச்-ஐ ஆடாமல் பிடித்து வைப்பது) கிடையாது, ஆகவே மழை விட்டதும் அதைச் சோதித்து, குறைந்திருந்தால் சோடா உப்பு சேருங்கள். அப்புறம் அந்தச் சோதனையில் ஒரு கழித்தல் உண்டு: காட்டும் எண்ணிலிருந்து ஸ்டெபிலைசரின் மூன்றில் ஒரு பங்கைக் கழித்தால்தான் உண்மையான காரத்தன்மை. ஸ்டெபிலைசர் 55 என்றால் 18 கழியுங்கள்.

#32 ஓஎம்ஆர் குடியிருப்பு

அப்படியானால் 160 இருந்தபோது ஒப்பந்தக்காரர் காரத்தன்மை 120 என்று காட்டியது உண்மையில் 67தானா?

#33 கோவை பூல் மெக்கானிக்

ஆமாம் சார். அதனால்தான் அவர் குளத்தில் பிஎச் ஒரு இடத்தில் நிற்காமல் ஆடிக்கொண்டே இருந்திருக்கும். அவரிடம் கேட்டுப் பாருங்கள், பிஎச் ஏற்றும் சோடா சாம்பல் மூட்டை எத்தனை வாங்கினார் என்று பில்லில் இருக்கும்.